கோட்டை இல்லாத தீவு

(ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



சிறிய நாட்டு ஜனங்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், உடனே பெரிய மனிதர்கள் இரண்டு கேள்வி போடுகிறார்கள். "உனக்குப் பட்டாளம் எங்கே? வல்லரசுகள் இரண்டு மோதிக்கொண்டால் யார் பக்கம் ஒண்டுவாய்?" என்கிறார்கள். இதற்கு நான் புராணத்திலிருந்து பதில் சொல்லப் போவதில்லை. பூகோளப் படத்தில் விரலை வைத்துக் காட்டக்கூடிய ஓர் இடத்தைக் கொண்டே சொல்லுகிறேன்.

பால்டிக் கடலில், சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவில் ஆலந்துத் தீவுகள் இருக்கின்றன. ஜனத்தொகை இன்றைக்கும் சுமார் 30,000 தான். பேசும் பாஷை சுவீடிஷ். 1809-ல் யுத்தத்தில் தோற்ற சுவீடன், பின்லாந்தையும் இத்தீவுகளையும் ருஷியச் சக்கரவர்த்தியிடம் ஒப்படைத்தது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும்போது மாட்டை யாராவது கேட்பதுண்டா? அந்த ஜனங்களையும் யாரும் கேட்கவில்லை.

ருஷியா அங்கே பொமர்சுந்து என்னும் இடத்தில் கோட்டை கட்ட ஆரம்பித்தது. பலன் என்ன? கிரிமியா யுத்தத்தின்போது, 1854-ல், பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் வந்து அதைப் பிடித்து வெடி வைத்துத் தகர்த்தன. தீவாருக்கும் பிரிட்டிஷ்காரனுக்கும் வரப்புத் தகராறு ஏதாவது உண்டா? கோட்டை இருந்ததால்தானே குண்டு வந்தது! 1856-ல் இனி அங்கே கோட்டை கூடாது என்று எழுதி வைத்தார்கள். ஆனால் முதல் உலக யுத்தத்தில் ருஷியா மறுபடியும் பீரங்கிகளை ஏற்றிற்று.

1917 ஆகஸ்டில் ஊர்ப் பிரதிநிதிகள் கூடி, சுவீடனோடு சேர வேண்டும் என்று தீர்மானித்தார்கள். வயது வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். அதே வருஷம் டிசம்பரில் பின்லாந்தே ருஷியாவை விட்டுப் பிரிந்து சுதந்தரம் அடைந்தது. தனக்குச் சுயநிர்ணயம் கேட்ட அந்தப் பின்லாந்து, தீவார் கேட்டபோது என்ன செய்தது? 1920-ல் சுயாட்சிச் சட்டம் ஒன்றை நீட்டியது. அவர்கள் அதை ஒப்பவில்லை. உடனே சுந்த்புலோம், பியார்க்மன் என்ற இரு தலைவர்களையும் தேசத்துரோகக் குற்றம் சாட்டிக் கைது செய்தது. மேலே இருப்பவனிடம் சமத்துவம் கேட்டுவிட்டு, கீழே இருப்பவன் கேட்டால் தடியெடுக்கும் புத்தி நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல, தோழர்களே!

வழக்கு சர்வதேச சங்கத்துக்குப் போயிற்று. 1921 ஜூனில், தீவுகள் பின்லாந்துக்கே என்றும், ஆனால் அவர்கள் பாஷையையும் சுயாட்சியையும் பின்லாந்து காப்பாற்ற வேண்டும் என்றும் முடிவாயிற்று. அக்டோபரில் பத்து நாடுகள் கையெழுத்திட்டு, அங்கே கோட்டை, பட்டாளம் கூடாது, யுத்த காலத்தில் அது நடுநிலைப் பிரதேசம் என்று உடன்படிக்கை செய்தன. 1922-ல் தீவின் சட்டசபை கூடிற்று.

கேட்டது கிடைக்கவில்லைதான். ஆனால் கிடைத்ததை வெறும் காகிதமாக அவர்கள் விட்டுவிடவில்லை. பள்ளிக்கூடம், வைத்தியம், தபால், போலீஸ் யாவும் அவர்கள் கையில் இருக்கின்றன. அங்கே வளர்ந்த வாலிபரைக் கட்டாயப் பட்டாளத்துக்கு இழுக்க முடியாது. தீவின் சட்டசபைக்கு ஓட்டுப் போடுவதற்குத் தீவுரிமை வேண்டும். அது பிறந்தவனுக்கு மாத்திரமா? இல்லை. பின்லாந்துப் பிரஜை எவரும் ஐந்து வருஷம் குடியிருந்து, சுவீடிஷ் பாஷை கற்றுக்கொண்டால் கேட்டுப் பெறலாம். பாஷைக்கு வேலி போட்டார்களே ஒழிய, பிறவிக்கு வேலி போடவில்லை. இதை நம்மவர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும்.

உடன்படிக்கை என்ன மந்திரத் தாயத்தா? அல்ல. 1939-ல் யுத்தம் வந்தபோது பின்லாந்துப் பட்டாளம் தீவில் இறங்கத்தான் செய்தது. ஆனாலும் 1940-ல் ருஷியாவோடும், 1947-ல் பாரிசிலும் அதே நிபந்தனையை மறுபடியும் எழுத வேண்டி வந்தது. 2023 ஏப்ரலில் பின்லாந்து நேட்டோ ராணுவக் கூட்டில் சேர்ந்தது. அப்போதும் தீவின் நிலைமை மாறவில்லை. பட்டாளம் வைத்தால்தான் பத்திரம் என்று சிலர் சொல்லுகிறார்கள். அவர்கள் பொமர்சுந்தின் இடிந்த கற்களைப் போய்ப் பார்க்கட்டும்.

ஆகவே, சுயாட்சியும் நடுநிலைமையும் இரண்டு காரியமல்ல. தன் வீட்டுத் திண்ணையை அடுத்தவன் சண்டைக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாதவனுக்கு வீடு சொந்தம் என்பதில் அர்த்தம் என்ன?

நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். சரித்திரத்தைப் புரட்டிப் பாருங்கள். உங்கள் புத்திக்குச் சரி என்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.