தீவகம் போகிறவர் கையில் ஒரு கொப்பி

யாழ்ப்பாண நகரிலிருந்து தீவகத்துக்குப் புறப்படுகிறவர் பண்ணைத் தாம்போதியில் ஏறியதுமே நகரம் பின்னால் போய்விடும். இருபுறமும் ஆழமில்லாத கடல், அதில் வரிசையாக நட்ட தடிகள், தடிகளில் கட்டிய வலைகள். மண்டைதீவுச் சந்தியைத் தாண்டினால் அல்லைப்பிட்டி, அப்பால் வேலணை. வேலணைத்தீவின் வடமேற்கு முனையில் ஊர்காவற்றுறை. தெற்கே திரும்பினால் கடலுக்குக் குறுக்கே இன்னொரு தாம்போதி; அதைக் கடந்தால் புங்குடுதீவு. ஏறத்தாழ 30 கிலோமீற்றர் ஓடிய பிறகு குறிகட்டுவான் இறங்குதுறையில் சாலை முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் நயினாதீவும் நெடுந்தீவும் படகுக்காரரின் நேரத்தையும் காற்றின் போக்கையும் பொறுத்தவை. இந்தப் பயணத்தைச் செய்கிற எவரும் அதை அன்றன்றைக்கே எழுதி வைக்க வேண்டும் என்பதே இன்றைய உரையின் கருத்து. பார்த்து மகிழ்வதோடு பயணியின் வேலை முடிந்துவிடுவதில்லை. தீவகம் போன்ற ஓர் இடத்துக்குப் போகிறவருக்கு எழுதுவதும் ஒரு கடமை.

பயணிகள் அன்றன்றைக்கே எழுதுவது புதுப் பழக்கம் அன்று. வாகனத்தின் பின்னே கேம்பர் டிரெயிலர் என்னும் தங்கும் வண்டியை இழுத்துக்கொண்டு வாரக்கணக்கில் சுற்றுகிறவர்கள் அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் ஏராளம். ஓடிய தூரம், செலவான எரிபொருள், இரவு தங்கிய இடம், தண்ணீர் கிடைத்த இடம், கரடுமுரடான பாதை என்று நாள்தோறும் குறித்து வைப்பது அவர்களில் பலரது பழக்கம். அடுத்த பயணத்துக்கு அந்தக் குறிப்பே வழிகாட்டி. அப்படிப்பட்ட டிரெயிலர் எங்கள் தீவகத்துக்கு வந்தால் குறிகட்டுவானோடு நின்றுவிடும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலுள்ள சிறிய நீர்ப்பரப்பைக் கடப்பதற்கும், எங்கள் மக்கள் 'பாதை' என்று சொல்லும் மிதவையையே நம்ப வேண்டும். வாகனம் நின்ற இடத்தில் குறிப்பேடும் நிற்கக் கூடாது. தூரத்தையும் எரிபொருளையும் எழுதிய கை, இனிப் படகு புறப்பட்ட நேரத்தையும், திரும்பிய நேரத்தையும், அன்று வீசியது வாடைக் காற்றா சோளகமா என்பதையும், கிணற்றுத் தண்ணீர் நன்னீரா உவரா என்பதையும் எழுத வேண்டும். இவை ஒவ்வொன்றும் பருவத்துக்குப் பருவம் மாறுகின்றன. ஆவணியில் நெடுந்தீவின் புல்வெளி காய்ந்து, மட்டக் குதிரைகள் தண்ணீர் தேடி அலையும். மாரி மழை பெய்து முடிந்ததும் அதே வெளி பச்சையாக நிற்கும். திகதி போடாமல் "நெடுந்தீவு வறண்ட பூமி" என்று சொல்கிறவரும், "நெடுந்தீவு பசுமையான தீவு" என்று சொல்கிறவரும் பாதி உண்மையையே சொல்கிறார்கள்.

எழுதி வைத்ததனால் என்ன பயன் என்பதற்கு நயினாதீவிலேயே ஒரு சான்று நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு அது, தமிழில் பொறிக்கப்பட்டது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் வெளிநாட்டு வணிகர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, எஞ்சியது உரியவருக்கு. பிற பண்டங்களை ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் சரிபாதி என்று கணக்கும் சொல்கிறது. ஒரு துறைமுகத்தின் நடைமுறையை யாரோ கல்லில் எழுதி வைத்ததால்தான், இன்று அமைதியாகக் கிடக்கும் ஊர்காவற்றுறை ஒரு காலத்தில் குதிரைக் கப்பல்கள் வந்த துறை என்று நாம் அறிகிறோம். அல்லைப்பிட்டியில் 1977இல் நடந்த அகழ்வில் சீனத்துச் சொங் அரச காலத்து மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. கடல் வணிகம் இந்தக் கரையைத் தொட்டது என்பதை அவையும் உறுதிப்படுத்துகின்றன. ஆனால் எந்தக் கப்பலுக்கு என்ன முறை என்று மட்பாண்டத் துண்டு சொல்லாது. அதை எழுத்துத்தான் சொல்ல முடியும்.

"அது அரசனின் ஆணை, சாதாரணப் பயணியின் கொப்பி எதற்கு உதவும்?" என்று கேட்கலாம். இலங்கையில் பிரித்தானிய அரச அதிபர்கள் 1808 முதல் நாட்குறிப்பு எழுதக் கடமைப்பட்டிருந்தார்கள். மழை, விளைச்சல், மாட்டு நோய், பழுதான குளம் என்று அன்றாடப் பணியில் கண்டதையே எழுதினார்கள். 1905இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய லெனாட் வூல்ஃப், பிறகு 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் எழுதிய நாட்குறிப்பு அரை நூற்றாண்டு கழித்து 1962இல் நூலாக வந்தது. எழுதிய நாளில் அவை அலுவலகக் கோப்புகள். இன்று அக்கால மக்களின் வாழ்வை அறிய விரும்புகிறவர் அவற்றைத்தான் புரட்டுகிறார். அவருக்குப் பயன்படுவது அலங்கார வாக்கியம் அன்று, திகதியோடு கூடிய சிறு விவரம். அத்தகைய விவரத்தை எழுத ஒருவர் அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்த தடை இன்றைய காலத்துக்கு உரியது. கைத்தொலைபேசி படம் எடுக்கிறது, நேரத்தையும் இடத்தையும் தானே பதிகிறது, கொப்பி எதற்கு? படத்தின் பயனை மறுக்க வேண்டியதில்லை. நெடுந்தீவின் பெருக்கமரத்தின் பருமனை எந்தச் சொல்லையும்விடப் படம் நன்றாகக் காட்டும். சாந்து பூசாமல் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகளையும், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூட்டையும், இடிந்து கிடக்கும் கோட்டையையும் அப்படியே. ஆனால் ஆபிரிக்காவுக்குரிய அந்த மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்திருக்கலாம் என்று சொல்லப்படுவது படத்தில் இல்லை. அந்த வேலியை இன்று கட்டத் தெரிந்தவர் ஊரில் இருக்கிறாரா என்பதும் இல்லை. இடங்களின் பெயரும் இல்லை. ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்குத் தங்கள் நகரங்களின் பெயரைச் சூட்டினார்கள். வேலணை லைடன் ஆனது, புங்குடுதீவு மிடில்பேர்க் ஆனது, நயினாதீவு ஹார்லெம் ஆனது. அவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் மட்டும் இன்றும் பரவலாக வழங்குகிறது. வரைபடத்தில் டெல்வ்ற் என்று பார்த்தவர் படகில் நெடுந்தீவு என்று கேட்பார். ஊரவர் ஒவ்வொரு துறைக்கும் கிணற்றுக்கும் ஒழுங்கைக்கும் சொல்லும் பெயரைக் கேட்டு எழுதாவிட்டால், படத்தில் இருப்பது எந்த இடம் என்று பத்து ஆண்டு கழித்து எடுத்தவருக்கே தெரியாது.

"திரும்பி வந்த பிறகு ஆறுதலாக எழுதிக்கொள்ளலாம்" என்பாரும் உண்டு. 1344இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த பயணி இபின் பத்தூத்தா, தம் பயணங்களை ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு நினைவிலிருந்து சொல்ல, வேறொருவர் எழுதினார். புகாராவில் தாம் பார்த்துப் படியெடுத்த கல்லறை எழுத்துகள் கடற்கொள்ளையில் பறிபோயின என்று அந்த நூலிலேயே சொல்லியிருக்கிறார். அவ்வளவு பெரிய பயணியாலும் இழந்த குறிப்பை நினைவிலிருந்து மீட்க முடியவில்லை. எழுதினால் பார்ப்பது குறையும் என்ற அச்சத்துக்கும் தீவகத்தில் இடமில்லை. குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருக்கும் நேரம் உண்டு. நெடுந்தீவிலிருந்து திரும்பும்போது கடலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் உண்டு. அந்த நேரம் எழுதப் போதும்.

இவற்றைவிடக் கனமான தடை ஒன்று உண்டு. தீவகம் கதைகள் நிறைந்த இடம். நெடுந்தீவில் வளரும் கல் என்பார்கள், பெரிய பாதச்சுவடு என்பார்கள், வெடியரசன் கோட்டை என்பார்கள். நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் அருகருகே நிற்கின்றன. புத்தர் இரண்டாம் முறை இலங்கைக்கு வந்து, மணி பதித்த ஆசனத்துக்காகச் சண்டையிட்ட நாக அரசர் இருவரைச் சமாதானப்படுத்தினார் என்று மகாவம்சம் சொல்லும் நாகதீபம் இதுவே என்று பௌத்தர்கள் வழிபடுகிறார்கள். மணிமேகலை சொல்லும் மணிபல்லவம் இதுவே என்பாரும் உளர். வரலாறு பயிலாத பயணி கேட்டதையெல்லாம் எழுதினால் பிழை பரவாதா? பரவும். அதற்கு மருந்து எழுதாமல் விடுவதன்று, பிரித்து எழுதுவது. கண்டது, கேட்டது, படித்தது என்று மூன்றாகப் பிரித்து எழுத வேண்டும். கேட்டதாயின் அது மீனவர் சொன்னதா, பூசகர் சொன்னதா, வழிகாட்டி சொன்னதா என்று குறிக்க வேண்டும். அப்படி எழுதிய குறிப்பில் நம்பிக்கைக்கும் மரியாதை இருக்கும், வரலாற்றுக்கும் இடமிருக்கும்.

நேயர்களே, தீவகத்துக்கு இந்தப் பழக்கம் வேறெந்த இடத்தையும்விட அவசரமாகத் தேவைப்படுகிறது. 1990களின் தொடக்கத்தில் போர் இந்தத் தீவுகளின் மக்களைப் பெருந்தொகையாக இடம்பெயர வைத்தது. புங்குடுதீவிலும் வேலணையிலும் கூரையில்லாத கல்வீடுகளும் தூர்ந்த கிணறுகளும் இன்றும் உள்ளன. அவற்றில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் வளர்கிறார்கள். 1985 மே 15 அன்று குமுதினி என்ற படகில் பயணம் செய்தவர்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டதை நெடுந்தீவு மக்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். இவற்றை அறியாமல் கடந்து போகிறவர் தீவகத்தைப் பார்த்தவர் ஆகமாட்டார். பார்த்து எழுதியவருக்கு இந்த மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. ஊர்காவற்றுறைக்கு அருகே கரம்பொனில் 1913இல் பிறந்த தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் உலகெங்கும் பயணம் செய்தார். போன நாடுகளில் தமிழின் தடயங்களைத் தேடினார். 'ஒன்றே உலகம்' என்ற பயண நூலையும் தந்தார். இந்த மண்ணில் பிறந்தவர் உலகத்தைப் பார்த்து எழுதினார். உலகெங்கும் பரந்த நம் பிள்ளைகள் இந்த மண்ணைப் பார்த்து எழுத வேண்டிய காலம் இது.

எனவே, தீவகத்துக்குப் புறப்படும்போது ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் திகதியையும் இடத்தையும் எழுதுங்கள். படகு நேரம், காற்று, தண்ணீர், ஊரவர் சொன்ன பெயர்கள் ஆகிய நான்கையும் விடாதீர்கள். வீடு திரும்பியதும் ஒரு படி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகள் என்றென்றைக்குமாக அழிந்தன. எழுதுங்கள், இரண்டு படியாக வையுங்கள், ஒன்றை உங்கள் பிள்ளைகளின் கையில் கொடுங்கள்.