சாரதியின் காலும் காரின் கணினியும்

ஓட்டுபவன் விரும்பியதை வண்டி உடனே செய்தல் வேண்டும் என்பது மாட்டு வண்டிக் காலந்தொட்டே மனிதனுக்குள்ள எதிர்பார்ப்பு. மோட்டார் வண்டி வந்தபின் இவ்வெதிர்பார்ப்பு இன்னும் கூர்மையாயிற்று. எருதுக்கு மனம் உண்டு, இயந்திரத்துக்கு அது இல்லை, ஆதலால் இயந்திரம் தயங்குவதற்கு நியாயமில்லை என்று சாரதிமார் எண்ணினர். நெடுங்காலம் அந்த எண்ணம் பிழையாக இருக்கவுமில்லை. ஆனால் அண்மைக்காலக் கார்களை ஓட்டுவோரிடமிருந்து ஒரு முறைப்பாடு பரவலாக எழுகின்றது. “அக்சிலேற்றரை மிதித்தால் கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பாய்கிறது” என்பதே அது. பழைய காரை முப்பது ஆண்டு ஓட்டிப் பழகியவர் புதிய காரில் ஏறினால் முதல் நாளிலேயே இதனை உணர்ந்துவிடுவார்.

இந்தத் தயக்கம் எங்கிருந்து வருகின்றது? அது காரின் நோயா, குணமா? அதனைப் போக்க இயலுமா? இயலாதெனின் அதனோடு பழகும் வகை யாது? இவையே இங்கு ஆராய்தற்குரியன.

விடயம் சிறிது என்று தள்ளிவிடுவதற்கில்லை. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் தூரத்தைக் கடக்கின்றது. எதிரே அதே வேகத்தில் ஒரு லொறி வருமாயின், இரண்டுக்கும் இடையிலுள்ள வெளி செக்கனுக்கு 33 மீற்றர் வீதம் குறைந்துகொண்டு வரும். இருவழிப் பாதையிலே முன்னே செல்லும் பஸ்ஸை முந்துவதற்காக ஒருவர் காரை வலப்பக்கம் எடுத்து மிதிக்கின்றார். அவ்வேளையிற் கார் ஒரு செக்கன் தாமதித்தால், அவர் மனத்திற் போட்ட கணக்கில் 33 மீற்றர் பறிபோய்விடுகின்றது. உயிருக்கும் விபத்துக்கும் இடைப்பட்ட தூரம் சில வேளைகளில் அதனினும் குறைவு.

பழைய பெற்றோல் கார்களிலே அக்சிலேற்றர் மிதியிலிருந்து ஓர் உருக்குக் கம்பி புறப்பட்டு, இயந்திரத்துக்கு வளி செல்லும் குழாயிலுள்ள வட்டத் தகடு ஒன்றைச் சென்றடையும். மெக்கானிக்மார் திறொட்டில் என்று வழங்குவது இத்தகட்டைக் கொண்ட வாயிலையே. காலை அழுத்தக் கம்பி இழுபடும். கம்பி இழுபடத் தகடு திரும்பும். தகடு திரும்ப வளி உட்புகும். வளிக்கேற்பப் பெற்றோலும் சேரும். சாரதியின் காலுக்கும் அந்தத் தகட்டுக்கும் இடையில் வேறொருவரும் இல்லை.

புதிய கார்களில் அந்தக் கம்பி இல்லை. மிதியோடு இணைந்த இரண்டு உணரிகள், கால் எவ்வளவு அழுத்தியுள்ளது என்பதை மின்னழுத்தமாக மாற்றிக் கணினிக்கு அறிவிக்கின்றன. கணினி அதனை ஆராய்ந்து, தகட்டைத் திருப்பும் சிறு மின்மோட்டாருக்குக் கட்டளையிடுகின்றது. தகடு உண்மையாகவே திரும்பிற்றா என்பதை வேறு இரண்டு உணரிகள் பார்த்துச் சொல்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு உணரிகள் இருப்பது ஒன்று பொய் சொன்னால் மற்றையது காட்டிக்கொடுப்பதற்காகும். இரண்டும் முரண்பட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். கணினி இயந்திரத்தின் வலுவைக் குறைத்து, கார் மெதுவாக ஊர்ந்து கராஜை அடையுமளவுக்கு மட்டும் இடங்கொடுக்கும்.

இம்முறையைக் கையாண்ட முதற் கார்களுள் ஒன்று, ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1987ஆம் ஆண்டிலே வெளியிட்ட பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட 750ஐ என்பதாகும். அதே ஆண்டு பெப்ரவரியிலேதான், விமானியின் கட்டளையைக் கணினி வழியாக இறக்கைகளுக்குக் கொண்டுசெல்லும் எயர்பஸ் ஏ320 விமானமும் முதன்முதலிற் பறந்தது. வானத்திலும் தரையிலும் ஒரே கருத்து ஏறக்குறையச் சமகாலத்தில் உருப்பெற்றது. ஆரம்பத்தில் விலையுயர்ந்த கார்களில் மட்டும் இருந்த இவ்வேற்பாடு, பின்னர் சாதாரணக் குடும்பக் கார்களுக்கும் பரவிவிட்டது.

அப்படியாயின் தாமதம் அந்த மின்மோட்டாரின் சோம்பலாலா உண்டாகின்றது? அன்று. மூடிய தகட்டை முழுதாகத் திறப்பதற்கு அம்மோட்டாருக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு செக்கனே போதும். சாரதி உணரும் தாமதத்திற் பெரும்பகுதி வேண்டுமென்றே வைக்கப்பட்டது. கார் செய்தோர் அவ்வாறு வைத்ததற்குத் தக்க காரணங்களும் உள.

முதலாவது காரணம் புகை. பெற்றோல் காரின் புகைக் குழாயிலுள்ள ஊக்கிச் சுத்திகரிப்பான், ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு வளி என்ற நிறை விகிதம் பேணப்படும்போதே நச்சுவாயுக்களைச் செவ்வனே மாற்றும். தகடு திடீரெனத் திறந்தால் அந்த விகிதம் கணப்பொழுது குழம்பும். புகையிற் கேடு மிகும். ஆகவே கணினி தகட்டை ஓர் ஒழுங்கிலே திறக்கின்றது. இரண்டாவது காரணம் குலுக்கம். றப்பர்த் தாங்கிகளின் மீது அமர்ந்திருக்கும் இயந்திரம், சடுதியான உந்தலைப் பெற்றால் முன்னும் பின்னும் ஆடி, பயணிகளின் கழுத்தையும் ஆட்டிவிடும். கணினி அந்த உந்தலை மெல்ல ஏற்றுகின்றது. மூன்றாவது காரணம் எரிபொருட் சிக்கனம். மிதியை முதற் பாதி வரை அழுத்தினாலும் தகடு சிறிதே திறக்குமாறு அமைத்துவிட்டால், ஓட்டுபவர் தம்மை அறியாமலே சிக்கனமாக ஓட்டுவார். ஈக்கோ என்று பெயரிட்ட பொத்தான் பெரும்பாலும் செய்வது இதனையே.

இவற்றுக்கு அப்பால், அக்சிலேற்றரின் மீது பழி விழுந்தாலும் அதனோடு தொடர்பில்லாத தாமதங்களும் உள. தானியங்கிக் கியர் கொண்ட காரில் மிதியை ஆழ அழுத்தினால், கியர்ப்பெட்டி முதலிற் கீழ்க் கியரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்கு நேரம் செல்லும். இலங்கை வீதிகளில் ஓடும் யப்பானியக் கார்கள் பலவற்றிற் காணப்படும் சி.வி.ரி. என்னும் பட்டிக் கியர்ப்பெட்டியில், முதலில் இயந்திரத்தின் இரைச்சல் உயரும். காரின் வேகம் பின்னரே உயரும். டேர்போ பூட்டிய இயந்திரத்திலோ, புகையின் விசையாற் சுழலும் சக்கரம் வேகங்கொண்ட பின்பே மேலதிக வளி கிடைக்கும். இந்த மூன்றையும் அக்சிலேற்றரின் தாமதம் என்று ஒரே பெயரால் அழைத்துவிட்டு மருந்து தேடுவது, எய்தவன் இருக்க அம்பை நோவதாகும்.

காலுக்கும் இயந்திரத்துக்கும் இடையிற் கணினி புகுந்தமை குறித்து மக்களுக்கு ஐயம் தோன்றியதும் உண்டு. 2009, 2010ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலே டொயோட்டா கார்கள் சில தாமாகவே வேகமெடுத்தன என்ற முறைப்பாடுகள் பெருகின. மிதியின் மேல் ஏறிச் சிக்கும் கால்விரிப்பின் பொருட்டும், அழுத்திய பின் எளிதில் மீளாத மிதியின் பொருட்டும் அந்நிறுவனம் பல இலட்சக்கணக்கான கார்களைத் திருப்பி அழைத்தது. கணினியே குற்றவாளியோ என்பதை ஆராயும் பொறுப்பு நாசா விண்வெளி நிறுவனத்தின் பொறியியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டளை வரிகள் பரிசோதிக்கப்பட்டன. அபாயகரமான வேகத்தை உண்டாக்கத்தக்க இலத்திரனியற் குறை எதுவும் காணப்படவில்லை என்று 2011 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2013இல் ஒக்லகோமா மாநிலத்து யூரிமார், கணினிக் கட்டளைகளிற் குறை உண்டு என்ற நிபுணர் சாட்சியத்தைக் கேட்டபின் அந்நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். பாதுகாப்புக் குறைகள் பற்றி மக்களைத் தவறாக வழிநடத்தியமைக்காக 2014இல் அந்நிறுவனம் 120 கோடி டொலர் செலுத்த இணங்கியது. இந்நிகழ்ச்சிகளின் பின்னர், பிறேக்கும் அக்சிலேற்றரும் ஒருங்கே அழுத்தப்பட்டால் பிறேக்கின் கட்டளையே வெல்லும் ஏற்பாடு புதிய கார்களிற் பரவலாயிற்று.

இனி, தம் கார் தயங்குகின்றது என்று வருந்துவோர் செய்யத்தக்கன எவை என்று காண்போம். முதலிற் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இத்தயக்கம் கார் வந்த நாளிலிருந்தே உள்ளதா, இடையில் வந்ததா? வந்த நாளிலிருந்தே உள்ளதாயின் அது காரின் குணம். சிறிது சிறிதாக வளர்ந்ததாயின் அது அழுக்கின் வேலையாக இருக்கலாம். எச்சரிக்கை விளக்கோடு திடீரென வந்ததாயின் அது உணரியின் அல்லது மின்னிணைப்பின் பழுதாகும். அந்நிலையிற் காலந்தாழ்த்தாது கராஜுக்குக் கொண்டுசெல்வதே முறை.

அழுக்கைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இயந்திரத்திலிருந்து எழும் எண்ணெய் ஆவி, காலப்போக்கிலே திறொட்டில் தகட்டின் விளிம்பிற் கரிய பசையாகப் படியும். அடைபட்ட வளி வடிகட்டியும் இதற்குத் துணைபோகும். வடிகட்டியை மாற்றி, அதற்கென விற்கப்படும் திரவத்தில் நனைத்த மென்துணியாற் பசையைத் துடைத்துவிட்டால் பல கார்கள் பழைய சுறுசுறுப்பை அடையும். ஆயின் சாவி திறந்திருக்கும்போது தகட்டை விரலால் தள்ளுதல் ஆகாது. மோட்டாரின் பற்சக்கரங்கள் கெடும், விரலும் நசியும். கத்தியாற் சுரண்டுதலும் கூடாது. சில தகடுகளிற் பூசப்பட்டுள்ள மெல்லிய படை உரிந்துபோகும். துடைத்த பின் சில கார்களில், தகட்டின் ஓய்வு நிலையைக் கணினிக்குப் புதிதாக அறிவிக்க வேண்டியிருக்கும். அதனைச் செய்யாவிடின் கார் நிற்கும்போது இயந்திரம் ஏறியிறங்கிக்கொண்டே இருக்கும்.

தாமதம் காரின் குணமே என்று தெளிந்தவர்களை நோக்கி வேறொரு பொருள் கடைகளிற் காத்திருக்கின்றது. மிதியின் உணரிக்கும் கணினிக்கும் இடையிற் பொருத்தும் சிறு பெட்டி அது. அதன் வேலை உள்ளதைப் பெருக்கிச் சொல்லுதல். கால் ஐந்தில் ஒரு பங்கு அழுத்தினால், ஐந்தில் இரண்டு பங்கு அழுத்தியதாகக் கணினிக்கு அது சொல்லும். கார் துள்ளிப் பாயும்; வாங்கியவர் மகிழ்வார். ஆனால் மிதியை முழுதாக அழுத்தும்போது கிடைக்கும் வலுவில் ஓர் அணுவும் கூடுவதில்லை. டேர்போவின் தாமதமும் கியர்ப்பெட்டியின் தாமதமும் அப்படியே இருக்கும். மழையில் நனைந்த தெருவிலும், வாகன நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும் வேளையிலும், மெல்லத் தொட்டாலே பாயும் கார் வேண்டாத விருந்தாளியாகிவிடும். உத்தரவாதக் காலம் முடியாத காரில் இதனைப் பொருத்துவோர், பின்னர் எழக்கூடிய வழக்கையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

செலவில்லாத வழி ஒன்று உண்டு, அது பழக்கம். முந்துவதற்கு முன்பே கீழ்க் கியரைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். தானியங்கிக் கியர்க் காராயின், எஸ் என்ற நிலைக்கோ ஸ்போர்ட் என்ற பொத்தானுக்கோ முன்கூட்டியே மாற்றி, ஈக்கோப் பொத்தானை அணைத்துவிடல் வேண்டும். காரைப் பஸ்ஸின் பின்னே தன் பக்கத்தில் வைத்துக்கொண்டே மிதியை மெல்ல அழுத்தி, இயந்திரம் விழித்துக்கொண்டது தெரிந்த பின்னரே வெளியே எடுத்தல் வேண்டும். அதற்குப் போதிய இடைவெளியைப் பஸ்ஸின் பின்னாலே முன்னதாகவே விட்டிருத்தலும் அவசியம். சந்தியில் நின்று புறப்படும்போது கார் அசையவில்லையே என்று இன்னும் ஆழமாக மிதிப்பது பெரும் பிழை. முதல் மிதிக்குரிய வேகமும் இரண்டாம் மிதிக்குரிய வேகமும் சேர்ந்து வந்து காரை முன்னே எறிந்துவிடும். பதறாத காரியம் சிதறாது என்ற முதுமொழி இங்கும் பொருந்தும்.

புதிய காரை வாங்கியவர், வாகனங்கள் அற்ற தெருவொன்றிலே அரைமணி நேரம் செலவிட்டு, மிதித்த கணத்துக்கும் கார் பாய்ந்த கணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை மனத்துள் எண்ணிப் பழகுவாராயின், அந்த அளவு அவருடைய காலுக்கே தெரிந்துவிடும். குடும்பத்தில் ஒரே காரை இருவர் மூவர் ஓட்டுவதாயின் ஒவ்வொருவரும் இவ்வாறு பழகுதல் நன்று. தந்தையின் கால் கற்றுக்கொண்ட பாடம் மகனின் காலுக்குத் தானாக வந்து சேராது. எதிரே லொறி வரும் நேரம் அதனைக் கற்றுக்கொள்வதற்குரிய நேரமன்று.