கிழவர் தூக்கம் தலையெழுத்தா?

(மணியாச்சியில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நாம் பேச வந்த விஷயம் வயதானவர்களின் தூக்கம். இதுவும் ஒரு பேச்சா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் இந்த ஜங்ஷனில் இராத்திரி எத்தனை ரயில் போயிற்று என்று படுத்தபடியே எண்ணிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

"வயசானால் தூக்கம் வராது, தலையெழுத்து" என்கின்றோம். அதில் பாதிதான் உண்மை. சரீரத்துக்குள் ஒரு கடிகாரம் ஓடுகின்றது. அது ஓடும் விதத்தைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017ல் நோபல் பரிசு கிடைத்தது. முதுமையில் அக்கடிகாரம் முந்திக்கொள்வதால் மாலையிலேயே கண் சொருகுகின்றது. விடியுமுன் விழிப்பு வருகின்றது. ஆழ்ந்த தூக்கமும் குறைகின்றது. ஆனால் 65 வயதுக்கு மேலும் 7, 8 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றே வைத்தியர்கள் சொல்லுகின்றார்கள்.

மீதிப் பாதி யார் எழுதினது? கரிசல் காட்டில் ஆயுள் முழுதும் களை வெட்டினவளை முழங்கால் வலி தூங்கவிடுவதில்லை. சர்க்கரை வியாதி இரவில் நாலு தடவை மூத்திரத்துக்கு எழுப்புகின்றது. குறட்டையினிடையே மூச்சு நின்று திணறி எழுவதும் ஒரு வியாதியே. அதைப் பேய் அமுக்குகிறதென்று தாயத்துக் கட்டுகின்றோம். தாயத்து மூச்சுக்குழலைத் திறக்குமா என்று கேட்கின்றோம்.

இவை போக, கிழவிக்கு நாம் ஒதுக்குவது திண்ணை மூலையும் கொசுவும். பேச ஆளின்றிப் பகலில் கண்ணயர்ந்தால், "எந்நேரமும் தூக்கம்" என்று ஏசுகின்றோம். நமது தாயாரை நாமும் அப்படி ஏசினவர்தான். இரவெல்லாம் அவர் விழித்துக் கிடந்தாரென்பதை வெகு நாள் கழித்தே அறிந்தோம். தூக்கம் கெட்டால் ஞாபகம் தடுமாறும், மனம் சோரும், இரத்தக் கொதிப்பும் ஏறும். அதைப் புத்தி பேதலித்ததென்று தள்ளிவிடுவது அறியாமையேயன்றி வேறல்ல.

மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் பரிகாரமாகாது. அது தள்ளாடி விழச் செய்யும், இடுப்பெலும்பு முறியும். காலை வெயிலில் நடக்கச் சொல்லுங்கள். பகல் தூக்கம் அரை மணியோடு நிற்கட்டும். மாலைக்கு மேல் காப்பி, டீ வேண்டாம். 2021ல் ஏற்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீடு வரும்போது வலியையும் திணறலையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு உணவு, உடை, இருப்பிடம், வைத்தியம் கிடைக்க 2007ல் சட்டம் வந்துவிட்டது. ஆனால் நிம்மதியான தூக்கத்தைச் சட்டம் வாங்கித் தராது. அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நாமே. ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, "அம்மா, ராத்திரி தூங்கினாயா?" என்று கேளுங்கள்.