குன்னூர் டீ எங்க வீட்டுல ஏன் கலங்குச்சு?

இன்னைக்கு கோடிங் இல்லை, இன்டர்வியூ டிப்ஸ் இல்லை. டீ. ஆனா இதுவும் ஒரு டீபக்கிங் கதைதான்.

போன வருஷம் எங்கப்பாவுக்கு சுகர்னு தெரிஞ்சுது. சர்க்கரையைக் குறைக்கச் சொன்னாரு டாக்டர். அப்பாவுக்கோ ஒரு நாளைக்கு அஞ்சு டீ. வீட்டுல ரெண்டு, மீதி பேக்கரியில. (வெளியூர்க்காரங்களுக்கு: எங்க கொங்குப் பக்கம் டீ குடிக்கப் போறதுன்னா பேக்கரிக்குத்தான் போவோம்.) சர்க்கரை போடாத பால் டீயை ஒரு வாய் குடிச்சவர் டம்ளரைத் தள்ளி வச்சுட்டாரு. "இதைக் குடிக்கறதுக்குச் சும்மாவே இருக்கலாம்"னாரு. சர்க்கரை கேக்காத டீ ஒண்ணு இல்லாமயா போயிரும்னு நான் இறங்கினேன்.

கொஞ்சம் அடிப்படை சொல்லிடறேன். கறுப்பு டீ, கிரீன் டீ, வெள்ளை டீ எல்லாமே ஒரே செடிதான். பறிச்ச பிறகு இலையை எவ்வளவு வாட்டறாங்க, எவ்வளவு நேரம் காத்துல கறுக்க விடறாங்கங்கறதுலதான் வித்தியாசம். நாம வீட்டுல போடற டஸ்ட் டீ, சிடிசி முறையில வர்றது. இலையை நசுக்கி, கிழிச்சு, சுருட்டற மெஷின்; 1930-கள்ல அசாம்ல ஆரம்பிச்சது. பொடி சின்னதா இருக்கறதால சாறு சட்டுனு இறங்கும், பாலும் சர்க்கரையும் போட்டாலும் தாங்கும். அதைத் தரம் கம்மின்னு சொல்றவங்களை நம்பாதீங்க, அது பாலுக்குன்னே பண்ணது. இலையை முழுசா உருட்டிக் காய வைக்கறதுதான் ஆர்த்தடாக்ஸ். பால் இல்லாம குடிக்கணும்னா அங்கிருந்து தொடங்கலாம்.

ஒரு சனிக்கிழமை பைக்கை எடுத்துட்டு குன்னூர் போயிட்டேன். ஒரு கடையில சின்னக் கிண்ணத்துல ஊத்திக் கொடுத்தாங்க. தேன் நிறம், லேசாப் பூ வாசம், கசப்பே இல்லை. நூறு கிராம் பாக்கெட் மூணு வாங்கினேன், அதுல ஒண்ணு கிரீன் டீ.

வெள்ளகோவில் வந்து போட்டா, குட்டைத் தண்ணி மாதிரி இருக்குது. கறுத்துப் போச்சு, வாசம் போன இடம் தெரியலை, மேல எண்ணெய் மாதிரி ஒரு படலம் வேற. அம்மா எட்டிப் பார்த்துட்டு, "ஏங்கண்ணு, காசைக் கொண்டுபோய்த் தண்ணியில போட்டுட்டு வந்திருக்கற"ன்னாங்க.

முதல் சந்தேகம் இலை மேல, கடைக்காரர் ஏமாத்திட்டாரோன்னு. ரெண்டாவது, சூடு. குன்னூர் கடல்மட்டத்துக்கு மேல 1,800 மீட்டருக்கும் அதிக உயரம், அங்க தண்ணி 94 டிகிரி வாக்குலயே கொதிச்சுரும். இங்க கிட்டத்தட்ட 99. ஆற வச்சு ஊத்திப் பார்த்தேன், மாறலை. நேரத்தைக் குறைச்சேன், கசப்புதான் குறைஞ்சுது, படலம் அப்படியே இருந்துது.

அப்புறம்தான் கெட்டில் அடியைப் பார்த்தேன். வெள்ளையாப் பொருக்கு. எங்க வீட்டுல போர் தண்ணி. ஒரு நாளைக்கு ஆறு தடவை பார்க்கற பொருக்குங்க அது! தேடினப்ப 1993-ல 'நேச்சர்' இதழ்ல வந்த ஆய்வு ஒண்ணு சிக்குச்சு, டீ மேல ஏன் படலம் வருதுன்னே ஒரு கட்டுரை. தண்ணியில இருக்கற கால்சியமும் பைகார்பனேட்டும் டீச்சாறோடயும் காத்தோடயும் சேர்ந்து பண்ற வேலை அது. அரை மூடி எலுமிச்சை பிழிஞ்சேன். நிறம் பளிச்சுன்னு வந்துருச்சு, புளிப்புல அந்தக் கால்சியம் வேலை நிக்குது. இத்தனை வருஷமா பால் டீயில இது தெரியாமப் போனதுக்குக் காரணம், பாலும் சர்க்கரையும் எல்லாத்தையும் மூடிருச்சு.

அடுத்த நாள் கேன் தண்ணி வாங்கி ரெண்டு டம்ளர் போட்டேன். ஒரே இலை, ஒரே எடை, மூணு நிமிஷம். தண்ணி மட்டும் வேற வேற. அப்பாகிட்ட எதுன்னு சொல்லாமக் கொடுத்தேன். கேன் தண்ணி டம்ளரை முடிச்சுட்டாரு. சர்க்கரை கேக்கலை. எனக்கு அந்த நிமிஷம் புரொடக்‌ஷன்ல பக் சரியானதை விட சந்தோஷமா இருந்துது.

டீ போடறதுக்கு ஐஎஸ்ஓ தரமே இருக்குதுங்க, 3103-ன்னு. 100 மில்லிக்கு 2 கிராம், ஆறு நிமிஷம். அது ருசிக்கு இல்லை, இலைகளை ஒப்பிட. இதே மாதிரி பிரிட்டிஷ் தரத்துக்கு 1999-ல இக்நோபல் கொடுத்துக் கிண்டல் பண்ணாங்க. நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்கறதுதான் அதுல இருக்கற விஷயம்.

அதனால புதுசா ஆரம்பிக்கறவங்க விலை கூடின இலைக்குப் போறதுக்கு முன்னாடி கெட்டில் அடியைப் பாருங்க. 50 கிராமா வாங்குங்க, பேக் பண்ண தேதி பார்த்து வாங்குங்க. டம்ளருக்கு ஒரு டீஸ்பூன் நிறைய இலை, பெரிய இலைன்னா கூடக் கொஞ்சம். கிரீன் டீக்குக் கொதிக்கற தண்ணி வேண்டாம், 80 டிகிரி போதும். அது தெரியாமத்தான் என் மூணாவது பாக்கெட்டைப் பாதி வீணாக்கினேன். கைவசம் காசு இருந்தா டிசம்பர், ஜனவரி குளிர்ல பறிக்கற நீலகிரி இலையைத் தேடுங்க. குளிர்ல கொழுந்து மெதுவா வளரும், வாசம் தூக்கலா இருக்கும்.

அப்பா இப்ப காலையில ரெண்டு டம்ளர் இதுதான். சாயங்காலம் பேக்கரிக்கு இன்னும் போறாரு. அரைச் சர்க்கரைன்னுதான் சொல்றேன்ங்கறாரு. அந்த லாக்கை நான் எடுத்துப் பார்க்கலை.