வரவும் வைப்பும்

நெய்வேலி நகரியத்தில் ஒருவரது இல்லத்தைக் கண்டுபிடிப்பது எளிது. வட்டம் எது, தெரு எது, வீட்டு எண் யாது என்னும் மூன்றையும் அறிந்தால் போதும். ஊருக்குப் புதியவரும் நேரே வாயிலில் வந்து நிற்கலாம். 1956ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபின் திட்டமிட்டு எழுப்பப்பட்ட ஊர் ஆகையால் இவ்வசதி வாய்த்தது. இத்தகைய ஊரில் குடியிருந்தும், அந்த ஒழுங்கை என் வீட்டுக் கணினிக்குள் கொண்டுவரத் தவறினேன். அதனால் ஓர் அரும்பொருளை இழந்தேன். அதைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

என் வீட்டு அலமாரியில், ஒரு புத்தகத்தின் அளவே உள்ள கணினி ஒன்று ஓயாமல் இயங்குகிறது. வீட்டிலுள்ள தொலைக்காட்சிக்கும் கைப்பேசிகளுக்கும் வேண்டிய பாட்டையும் படத்தையும் எடுத்து வழங்குவதால் அதைச் சர்வர், அதாவது சேவையகம் என்கிறோம். பாட்காஸ்ட் என்னும் ஒலித்தொடர்களை வெளியிடுவோர், புதிய பகுதி ஒன்று வந்தவுடன் அதன் பெயரையும் இருப்பிடத்தையும் ஒரு பட்டியலில் சேர்த்துவிடுவர். என் கணினி மணிக்கொரு முறை அப்பட்டியலைப் பார்க்கும். தன்னிடம் இல்லாததை மட்டும் பதிவிறக்கிக்கொள்ளும். சுரங்கத்தில் இரவு ஷிப்ட் நடப்பதைப் போலவே, நான் உறங்கும்போதும் அதன் வேலை நடந்துகொண்டிருக்கும்.

வரவுக்குக் குறைவில்லை, வைப்பில்தான் குறை. வந்தவை யாவும் ஒரே கோப்புறையில் குவிந்தன. ‘ஆடியோ 1’, ‘புதியது 2’ என்ற பெயர்களால் யாருக்கு என்ன விளங்கும்? ‘நான் அவனில்லை’ என்னும் படம் 1974இல் ஒன்று வந்தது. அதே பெயரில் 2007இல் மற்றொன்று வந்தது. ஆண்டு குறியாமல் இரண்டையும் வைத்திருந்தேன். பழையதைக் கேட்டால் புதியது ஓடும். படத்தின் பெயரே எனக்கு விடை சொல்லிற்று!

இவ்வளவில் நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். வட்டு நிரம்பிற்று. பதிவிறக்கக் கோப்புறையில் முப்பது நாள் கடந்தவற்றை அழித்துவிடுமாறு கணினிக்குக் கட்டளையிட்டேன். 1994இல் என் தாயார் என் மகளுக்குப் பாடிய தாலாட்டு, ஒலிநாடாவில் இருந்து மாற்றப்பட்டு, ‘பக்கம் 1’, ‘பக்கம் 2’ என்று அதே கோப்புறையில் கிடந்தது. இப்போதைக்கு இங்கே இருக்கட்டும் என்று நான்தான் வைத்தேன். பூஞ்சை பிடித்த நாடாவை, பிரதி இருக்கிறதே என்ற துணிவில் எறிந்தும்விட்டேன். முப்பத்தொன்றாம் நாள் இரண்டும் அழிந்தன. விருத்தாசலத்தில் வாழும் என் தமக்கையின் கைப்பேசியில் முதற்பக்கம் மட்டும் இருந்தது. இரண்டாம் பக்கத்தின் முடிவில் அம்மா பேத்தியைப் பெயர் சொல்லி அழைத்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு இனி இல்லை. இயந்திரம் பிழை செய்யவில்லை, நேயர்களே, சொன்னதைச் செய்தது.

அதன்பின் நான் கைக்கொண்ட முறைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, வந்திறங்கும் இடம் வேறு, தங்கும் இடம் வேறு. பாதி வந்த கோப்பு இறங்குமிடத்திலேயே நிற்கவேண்டும். முழுமை பெற்றபின்பே உரிய இடத்திற்குச் செல்லவேண்டும். அழிக்கும் கட்டளை இறங்குமிடத்திற்கு மட்டுமே உரியது. வீட்டார் குரல் அங்கே நுழையவே கூடாது.

இரண்டாவது, முகவரி. வகை, பெயர், ஆண்டு என்று கோப்புறைக்குள் கோப்புறையாக அமைக்கலாம். பகுதி எண்ணை 1, 2 என்னாமல் 01, 02 என்று எழுதுக. எழுத்தெழுத்தாக ஒப்பிடும் கருவிகள் பத்தை இரண்டுக்கு முன்னே வைத்துவிடும். நாளைக் குறிக்கும்போது ஆண்டு, மாதம், தேதி என்று எழுதினால் வரிசை தானாகவே அமையும். தமிழிலேயே பெயரிடலாம், ஆனால் சுருக்கமாக இடுக. ‘நெய்வேலி’ நம் கண்ணுக்கு நான்கெழுத்து. யுடிஎஃப்-8 முறையிலோ அது 24 பைட்டுகள். லினக்ஸ் கணினிகளில் ஒரு பெயருக்குப் பொதுவாக 255 பைட்டுகளே எல்லை.

மூன்றாவது, ஒரே சொற்பொழிவைப் பேச்சாளர் பெயரிலும் பொருளின் பெயரிலும் வைக்க விரும்பினால், ஹார்ட் லிங்க் என்னும் வசதி உண்டு. அது ஒரு வீட்டிற்கு இரு தெருவில் வாயில் வைப்பது போன்றது. வட்டில் கூடுதல் இடம் பிடிக்காது. ஒரு பெயரை நீக்கினாலும் கோப்பு மற்றொரு பெயரில் இருக்கும். இரண்டும் ஒரே கோப்பு முறைமைக்குள் இருக்கவேண்டும் என்பதே நிபந்தனை. ஆயினும், வாயில் இரண்டாயினும் வீடு ஒன்றே. வட்டு பழுதானால் இரண்டும் போம்.

ஆகவே நான்காவது, பிரதி. அரியவற்றுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்கவேண்டும். அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில் இருக்கவேண்டும். இன்று தமக்கை வீட்டில் என் வட்டு ஒன்று இருக்கிறது. என் வீட்டில் அவருடையது இருக்கிறது.

கொண்டுவருவதை இயந்திரத்திடம் விடலாம். எது அரியது என்பதை அது அறியாது. அதை அறிந்து பெயரிடுபவர் நாமே. இன்றிரவு உங்கள் வீட்டிலும் பெயரில்லாத குரல் ஒன்று ஏதேனும் ஒரு கோப்புறையில் கிடக்கலாம். அதற்கு ஒரு பெயரும் ஆண்டும் முகவரியும் கொடுத்துவிட்டு உறங்கச் செல்லுங்கள்.