தோல் உறைக்குள் காந்தம்

2011 மார்ச்சில் ஐபேட் 2 கடைக்கு வந்தபோது, கூடவே ஒரு மூடியும் வந்தது. பெயர் ஸ்மார்ட் கவர், தோலிலும் கிடைத்தது. மூடினால் திரை அணையும், திறந்தால் உயிர் பெறும். கொக்கியும் இல்லை, பட்டனும் இல்லை. எல்லாம் காந்தத்தின் வேலை.

மூடியில் உள்ள காந்தத்தைக் கருவிக்குள் இருக்கும் ஹால் சென்சார் உணர்ந்துகொள்கிறது. மின்சாரம் ஓடும் தகட்டருகே காந்தம் வந்தால் குறுக்கே சிறு மின்னழுத்தம் பிறக்கும் என்று 1879-லேயே கண்டுபிடித்தவர் எட்வின் ஹால். அப்போது அவர் அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவர்.

நேயர்களே, கைபேசிக்குக் கையால் தோல் உறை தைப்பவர்களுக்கும் இன்று நியோடிமியம் காந்தம்தான் துணை. சட்டைப் பொத்தான் அளவில் இருந்தாலும் பிடி வலுவானது. இரண்டு தோல் அடுக்குகளுக்கு நடுவே அதை வைத்து, ஒட்டித் தைத்துவிடுவார்கள். வெளியே ஒன்றும் தெரியாது.

ஆனால் இடைவெளி சற்றுக் கூடினாலும் காந்தத்தின் இழுவை மளமளவென்று குறையும். அதனால் அது உட்காரும் இடத்தில் மட்டும் தோலைச் சீவி மெலிதாக்க வேண்டும். ஒட்டுமுன் எந்த முகம் எதை இழுக்கிறது என்று பேனாவால் குறித்துக்கொள்வதும் அவசியம். மாறிப்போனால் மூடி ஒட்டாமல் விலகும். பக்கத்தில் தையல் போட்டால் ஊசியையும் காந்தம் இழுத்துக்கொள்ளும்.

இன்னொரு தொல்லை கறை. கடுக்காய், ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோலில் டானின் இருக்கும். வேலை மேசையில் கிடக்கும் இரும்புத் துகளைக் காந்தம் இழுத்து வைத்திருக்க, அதன்மேல் ஈரமும் பட்டால், தோலில் கருநீலத் திட்டு விழும். கழுவினாலும் எளிதில் போகாது.

காந்தத்தை எங்கே வைப்பது? கேமரா பக்கம் கூடாது. படம் ஆடாமல் பிடிக்கும் நுட்பம் சில கைபேசிகளில் அதனால் தடுமாறும். திசைகாட்டியும் தப்பாகக் காட்டும். உறையிலேயே ஏடிஎம் கார்டு செருகும் பை வைத்தால், கார்டின் பின்பக்கக் கறுப்புப் பட்டையில் உள்ள பதிவு கெடலாம். சிப்புக்கு ஆபத்தில்லை. கைபேசியில் சேமித்த படங்களுக்கும் ஆபத்தில்லை.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மட்டும் கூடுதல் கவனம் காட்ட வேண்டும். வலுவான காந்தம் நெருங்கினால் அந்தக் கருவி வேறு முறைக்கு மாறிவிடக்கூடும். காந்தம் உள்ள தன் கைபேசிகளை அதிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வைக்கச் சொல்கிறது ஆப்பிள் நிறுவனம். அப்படிப்பட்டவர் உறைக்கு ஆர்டர் கொடுத்தால், காந்தத்தை விட்டுத் தோல் வாரும் பித்தளைக் குமிழும் வைத்துத் தைத்துக் கொடுக்கலாம். சட்டைப் பையில் கைபேசி வைப்பவரிடம் பேஸ்மேக்கர் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.