விளையாட்டைப் படைத்து நிரல் கற்போம்
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

எனக்குத் தரப்பட்ட தலைப்பைக் கேட்டதும் பெற்றோர் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைக் கண்டேன். அவர்களுடைய அச்சத்தில் நியாயம் உண்டு. கைப்பேசி விளையாட்டில் இரவைத் தொலைத்து, பகலில் வகுப்பறையில் உறங்கும் பிள்ளைகள் நம் தெருவிலும் இருக்கின்றனர். ஆயினும், நான் பேச வந்தது விளையாட்டை ஆடுவது பற்றியன்று, ஆக்குவது பற்றி. பந்தியில் அமர்ந்து உண்பவன் அடுப்பின் சூட்டை அறியான். சமைப்பவனோ உப்பின் அளவையும் அறிவான், தீயின் அளவையும் அறிவான். நம் பிள்ளைகள் இந்தப் பந்தியில் எத்தனைக் காலம் உண்பவராகவே இருப்பது என்பதே என் கேள்வி.

கல்வி நமக்கு எவரும் தட்டில் வைத்துத் தந்ததன்று. 1916-ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். 1945-இல் அண்ணல் அம்பேத்கர் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். மூடிய கதவின் முன் காத்து நில்லாமல், நமக்கென ஒரு வாயிலை நாமே அமைத்த வரலாறு அது. எழுத்தறிவு அன்றைய வாயில். கணினிக்கு ஆணை எழுதும் அறிவு இன்றைய வாயில்களுள் ஒன்று.

இந்த அறிவை விளையாட்டின் வழியே புகட்டலாம் என்பது புதிய கருத்தன்று. 1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சேமூர் பாப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோர்சைக் ஆகியோர் குழந்தைகளுக்கென்றே ‘லோகோ’ என்னும் கணினி மொழியை உருவாக்கினர். பாப்பர்ட் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். மாணவப் பருவத்திலேயே அந்நாட்டின் நிறவெறிக் கொள்கையை எதிர்த்தவர். பின்னர் ஜெனீவாவில் குழந்தை உளவியல் அறிஞர் பியாஜேயுடன் பணிபுரிந்தவர். லோகோவில் ஓர் ஆமை உண்டு. ‘நூறு அடி முன்னே செல், தொண்ணூறு பாகை வலப்புறம் திரும்பு, இதனை நான்கு முறை செய்’ என்று ஆணையிட்டால் ஆமை ஒரு சதுரத்தை வரைந்து நிற்கும். கணினி குழந்தையை ஏவுவதற்குப் பதிலாகக் குழந்தை கணினியை ஏவ வேண்டும் என்பது பாப்பர்ட்டின் கொள்கை. ஏவல் கேட்டே தலைமுறைகள் கழித்த நமக்கு இக்கொள்கையின் பொருள் விளக்காமலே விளங்கும்.

அவ்வழியில் வந்ததே, மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ‘ஸ்கிராட்ச்’. அதில் ஆணைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். குழந்தை அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்திக் கதையோ விளையாட்டோ ஆக்கலாம். அதற்கு விலையில்லை. ஒருமுறை தரவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும்.

இனி, விளையாட்டினுள் நிரலின் இலக்கணம் எங்ஙனம் அடங்கியிருக்கிறது என்பதைக் காண்போம். முதல் பாடத்திற்குக் கணினியே தேவையில்லை. 1 முதல் 100 வரை ஓர் எண்ணை நான் நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் ஓர் எண்ணைச் சொன்னால், ‘பெரிது’, ‘சிறிது’, ‘சரி’ என்று மட்டும் விடை தருவேன். எத்தனைக் கேள்விகளில் கண்டுபிடிப்பீர்கள்? எப்போதும் நடுவெண்ணையே கேட்பவர் ஏழு கேள்விகளுக்குள் கண்டுபிடித்துவிடுவார். ஒவ்வொரு கேள்வியும் எஞ்சியவற்றைப் பாதியாக்குவதே இதன் மருமம். 1,000 எண்கள் இருப்பினும் பத்துக் கேள்விகள் போதும். இதனை நிரலாக எழுதும்போது, நினைத்த எண்ணை வைத்திருக்கும் ‘மாறி’ வருகிறது. பெரிதா சிறிதா என ஒப்பிடும் ‘நிபந்தனை’ வருகிறது. விடை கிட்டும்வரை திரும்பத் திரும்பக் கேட்கும் ‘சுழற்சி’ வருகிறது. இம்மூன்றுமே நிரற்கலையின் அடித்தளம். பாடநூலில் மூன்று அதிகாரங்களாக அச்சுறுத்துபவை, ஆட்டத்தில் ஒரே மாலையில் கைவந்துவிடுகின்றன.

நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியையும் எடுத்துக்கொள்ளுங்கள். 14 குழிகள், குழிக்கு ஐந்து முத்துகள் என வைத்தால் மொத்தம் 70. கணினியில் இது 14 எண்கள் கொண்ட ஒரு ‘பட்டியல்’. குழிகளுக்கு 0 முதல் 13 வரை எண்ணிட்டால், 13-க்கு அடுத்து மீண்டும் 0-க்கு வர வேண்டும். குழி எண்ணுடன் ஒன்றைக் கூட்டி, 14-ஆல் வகுத்து, மீதியை எடுத்தால் அது தானாகவே நிகழும். மீதி எதற்குப் பயன்படும் என்று தொடக்கப் பள்ளியில் கேட்டு விடை பெறாத பிள்ளைக்கு விடை இங்கே கிடைக்கிறது.

நம் மாலைப் பாடசாலையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகிறேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. ‘எனக்குக் கணக்கு வராது’ என்பது அவள் தன்னைப் பற்றி மனப்பாடம் செய்திருந்த வாக்கியம். அதனை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் எவரோ! பந்தை மட்டையால் தடுக்கும் விளையாட்டு ஒன்றை அவள் அமைத்தாள். பந்து சில வேளை மட்டையில் பட்டுத் திரும்பியது. சில வேளை மட்டையை ஊடுருவிக் கீழே விழுந்தது. நான் விடை சொல்லவில்லை. ‘பந்து எங்கெங்கே நிற்கிறது என்று தாளில் குறித்துப் பார், அம்மா’ என்று மட்டும் சொன்னேன்.

அவள் கட்டம் போட்ட தாளில் புள்ளிகளை வைத்தாள். பந்தின் விட்டம் 6. மட்டையின் தடிப்பு 8. இரண்டும் உரசக்கூடிய தொலைவு 14. பந்தோ ஒவ்வோர் எட்டிலும் 20 அளவு தாவியது. எனவே சில தாவல்களில் மட்டைக்கு மேலிருந்து நேரே கீழே சென்றுவிட்டது. இடையில் அதனைக் கணினி பார்க்கவே இல்லை. மறுநாள் மாலை அவளே வழி கண்டாள். 20 அளவை ஒரே தாவலாக வையாமல், பத்துப் பத்தாக இருமுறை நகர்த்தி, ஒவ்வொரு முறையும் மட்டையில் பட்டதா என்று பார்க்கச் செய்தாள். பந்து அதன்பின் ஊடுருவவில்லை. ‘கணக்கு வராது’ என்னும் சொல்லையும் அவள் வாயிலிருந்து நான் பின்னர்க் கேட்கவில்லை.

இந்நிகழ்ச்சியில் நான் முதன்மையாகக் கருதுவது பிழையைத்தான். வகுப்பறையில் நம் பிள்ளை பிழை செய்தால் அது பிள்ளையின் குறையாகாமல், அவன் பிறந்த தெருவின் குறையாகப் பேசப்படுவதுண்டு. அதனால் கேள்வி கேட்கவும் அஞ்சி வாய்மூடி அமரப் பழகிவிடுகிறான். நிரலில் பிழையின்றி எவரும் எழுதியதில்லை. உலகின் தலைசிறந்த வல்லுநரும் பிழை தேடியே பாதி நாளைக் கழிக்கிறார். பந்து தவறாக ஓடினால் நகைப்பு வரும், நாணம் வராது. திருத்தி மீண்டும் ஓடவிடலாம்.

‘கணினிக்குச் சாதி தெரியாது’ என்று மேடைகளில் கூறுகின்றனர். அது பாதி உண்மையே. கணினிக்குத் தெரியாது, கணினி அறையின் திறவுகோலை வைத்திருப்பவருக்குத் தெரியும். நான் படித்த பள்ளியில் செய்முறை வகுப்பின்போது எங்களில் சிலர் பின்வரிசையில் நின்று, பிறர் விசைப்பலகையைத் தட்டுவதைப் பார்த்துக் குறிப்பு எழுதினோம். நீந்துவதைக் கரையிலிருந்து கற்க இயலுமா? ஆதலின் திறவுகோல் நம் கையில் இருக்க வேண்டும். இக்கழகத்தின் படிப்பகம் அதற்கான இடம்.

செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் மாணவர்கள் பெற்ற மடிக்கணினிகள் சில இல்லங்களில் உறங்குகின்றன. இயங்குபவற்றைப் படிப்பகத்திற்குக் கொணர்வோம். ஒரு கணினிக்கு இருவர். கால் மணிக்கு ஒருமுறை கை மாற வேண்டும். பெண் பிள்ளை அருகிருந்து பார்ப்பவளாக மட்டும் இருத்தலாகாது. தொடங்கிய விளையாட்டை முடித்தே தீர வேண்டும். முடித்ததை ஊரார் முன் ஆடிக்காட்டி, எவ்வாறு செய்தோம் என்று தமிழில் விளக்க வேண்டும். விளக்க இயலாதது இன்னும் கற்கப்படாதது.

விளையாட்டோடு நின்றுவிடுதலும் கூடாது. வண்ணக் கட்டைகள் நடைவண்டி போன்றவை. நடை பழகியபின் ‘பைதான்’ போன்ற எழுத்து மொழிக்குச் செல்ல வேண்டும். அங்கே ஆங்கிலச் சொற்கள் தடையாகத் தோன்றும். தொடக்கத்திற்கு வேண்டியவை சில பத்துச் சொற்களே. அவற்றைக் கண்டு மலைத்துப் பின்வாங்க வேண்டா. நிரல் கற்ற அனைவருக்கும் மறுநாளே வேலை கிட்டும் என்று நான் ஆசை காட்டவும் மாட்டேன். பெரியதொரு சிக்கலைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாய் அவிழ்க்கும் துணிவு கிட்டும். அத்துணிவு தேர்வறையிலும் அலுவலகத்திலும் வழக்காடு மன்றத்திலும் துணை நிற்கும்.

பெரியோர்களே! இக்கழகம் ஒரு கரும்பலகையுடன் தொடங்கியதை நீங்கள் அறிவீர்கள். அன்று அப்பலகையில் முதல் எழுத்தை எழுதிய கைகள் இன்று இம்மேடையில் அமர்ந்திருக்கின்றன. இளைஞர்களே! வரும் ஞாயிறு மாலை படிப்பகத்தில் முதல் வகுப்பு. ஒரு தாளும் எழுதுகோலும் போதும். எண் கண்டுபிடிக்கும் ஆட்டத்திலிருந்து தொடங்குவோம். கழகத்தின் பொன்விழா நாளில், நீங்கள் ஆக்கியவற்றை உங்கள் பிள்ளைகள் ஆடிப் பார்த்து, அவற்றினும் சிறந்தவற்றை ஆக்கட்டும்.